கீறாமல் துடைப்பது

மார்ச் 9, ஞாயிறு

"மாமி, அம்மாவால ஏலுமோ?"

போன மாதம் நிமலன் என்னிடம் இப்படிக் கேட்டபோது அவனுடைய அம்மா எங்களுக்கு நேரெதிரே இருந்து இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டிருந்தார். தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை இதைக் கேட்பது சரியா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சௌந்தரி மச்சாளே பதிலைச் சொல்லிவிட்டார்.

"நல்ல ஆளிட்டைத்தான் கேட்டிருக்கிறாய். தவம் ஏலும் எண்டால் நான் போவன். ஏலாதெண்டால் கரவனை வித்துப்போடு. நான் வாய் திறக்கமாட்டன்."

தீர்ப்பு இப்படித்தான் தவம் என்கிற என் தலையில் வந்து விழுந்தது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். என் அண்ணா, நிமலனின் அப்பா, ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய கரவன் வாங்கினார். காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்கிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் உள்ளே உண்டு. மெல்பேணிலிருந்து பேர்த் வரைக்கும், நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, அதில் போய் வரவேண்டும் என்பது அவருடைய திட்டம். வாங்கி ஒரு வருடம் ஆகுமுன்னரே நெஞ்சுவலியில் போய்விட்டார். கரவனை விற்றுவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்க, மச்சாள் வகுப்புக்குப் போய்க் கரவன் இழுக்கப் பழகினார். இந்தக் குளிர்காலத்தில் பேர்த்துக்குப் போகப் போகிறாராம். தனியாக.

நிமலன் கெட்ட பிள்ளை இல்லை. தகப்பனை இழந்தவன், தாயைப் பற்றிப் பயப்படுகிறான். இழுக்கிற கார் அவனுடையது. கரவன் நிற்பது அவன் வீட்டு முற்றத்தில். அவனோடு வேலை செய்கிற ஒருவர் அதை வாங்கவும் தயாராக இருக்கிறார். அதனால் கடைசியில் இப்படி முடிவாயிற்று: நானும் மச்சாளும் இரண்டு கிழமை, பதினான்கு நாள், வடக்கே புரோக்கன் ஹில் பக்கம் போய் வரவேண்டும். வந்ததும் நான் ஏலும் அல்லது ஏலாது என்று ஒரு சொல் சொல்ல வேண்டும்.

அண்ணா போனபின் நான் மச்சாளோடுதான் இருக்கிறேன். அவருக்குத் துணையாக என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

ஊரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இரசாயனவியல் படிப்பித்தவள் நான். டயறி எழுதினாலும் முன்னால் ஒரு வகுப்பு இருப்பதுபோலத்தான் எழுத வரும். ஆகையால் யாராவது இதை வாசித்தால், உங்களோடுதான் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 10, திங்கள்

முதல் நாள் நல்லபடி முடிந்தது. ஆற்றங்கரையில் கரவன்கள் தங்குகிற ஒரு பூங்காவில் நிற்கிறோம்.

கரவனைப் பின்னுக்கு எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். பின்பக்கம் இடதுபுறம் போகவேண்டுமானால் ஸ்ரியரிங்கை வலதுபுறம் திருப்ப வேண்டும். முதன்முதலாகக் கண்ணாடியைப் பார்த்துத் தலை பின்னிய நாளை நினைத்துப் பாருங்கள். கையைப் பின்னுக்குக் கொண்டுபோனால் கண்ணாடியில் அது மறுதிசையில் போகும். அதே குழப்பம்தான், இரண்டு தொன் எடையோடு.

எங்களுக்கு ஒதுக்கிய இடம் இரண்டு மரங்களுக்கு நடுவில் இருந்தது. பியர்ப் போத்தலோடு இருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் எழுந்து வந்து, தாங்கள் எடுத்துத் தரட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். மச்சாள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார். என்னைப் பின்னால் நிற்கச் சொன்னார்.

"வாங்கோ, வாங்கோ, வாங்கோ... நில்லுங்கோ! நில்லுங்கோ!"

"ஏனப்பா கத்துறீர்? பஸ் கொண்டக்டர் மாதிரி. கையைக் காட்டினால் காணும்."

ஒரே தடவையில் உள்ளே விட்டார். மரத்துக்கும் கரவனுக்கும் நடுவே நான் பக்கவாட்டில் நடக்கிற அளவு இடம் இருந்தது. அந்த இருவரில் ஒருவர் கை தட்டினார். மச்சாள் இறங்கி வந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, "தேத்தண்ணி வைப்பமோ?" என்று கேட்டார்.

நிமலனுக்குப் போன் எடுத்து இதைச் சொன்னேன். "முதல் நாள்தானே மாமி" என்றான். "ஓம், முதல் நாள்தான்" என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

முதுகு பிடித்துக்கொண்டது. மச்சாளுக்கு அல்ல, எனக்கு.

மார்ச் 12, புதன்

பொழுது சாய்கிற நேரம் வயல்வெளி நடுவே ஓடவேண்டி வந்தது. மழைத்துளிபோல வெட்டுக்கிளிகள் வந்து மோதின. அவற்றோடு அந்துப்பூச்சி, பேர் தெரியாத பச்சைப் பூச்சிகள். போய் நிறுத்திப் பார்த்தால் கரவனின் முன் யன்னல் மஞ்சளும் பழுப்புமாக, பருப்புச் சட்டி பொங்கி வழிந்து காய்ந்ததுபோல் இருந்தது.

அந்த யன்னலுக்குக் கீழேதான் எங்கள் சாப்பாட்டு மேசை. மச்சாள் காலையில் அதன் வழியே வெளியே பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். அண்ணா இந்தக் கரவனைத் தெரிவு செய்ததே அந்தப் பெரிய யன்னலுக்காகத்தானாம்.

"நாளைக்குப் பாப்பம்" என்றார் மச்சாள். "இப்ப தொடவேண்டாம்."

மார்ச் 13, வியாழன்

காலையில் மச்சாள் உடுப்புத் தோய்க்கிற இடத்துக்குப் போயிருந்தார். மெஷினுக்கு வரிசை. சும்மா இருப்பானேன், அவர் வருவதற்குள் யன்னலைத் துடைத்து வைப்போம் என்று தொடங்கினேன்.

மின்சாரம் வராத காலத்தில் ஊரில் பொழுதுபட முன்னர் லாம்புச் சிமினி துடைப்பது என் வேலை. பழைய பேப்பரைக் கசக்கி, ஒரு சிட்டிகை விபூதி தொட்டு, உள்ளும் புறமும் சுழற்றித் தேய்த்தால் கண்ணாடி இருக்கிற இடமே தெரியாது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள். மச்சாளின் சாமித்தட்டில் விபூதி இருந்தது. முந்தாநாள் பேப்பர் இருந்தது. நன்றாக அழுத்தித் தேய்த்தேன். பூச்சி எல்லாம் போய் யன்னல் பளிச்சென்று வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அரைமணி நேரம் கழித்து வெயில் சரிந்து அதன்மேல் விழுந்தது. அப்போதுதான் தெரிந்தது. யன்னல் முழுவதும் வட்டம் வட்டமாக, நூல் இழைபோல் கீறல்கள். சிலந்தி நாள் முழுக்க இருந்து பின்னியதுபோல.

மச்சாள் உடுப்புக் கூடையோடு வந்தார். கூடையை இறக்கி வைத்தார். யன்னலுக்குக் கிட்டப் போய் நகத்தால் மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். அதிலே வெள்ளையாக ஒட்டியிருந்ததையும் பார்த்தார்.

"விபூதியோ?"

"ஓம்."

"சிமினி எண்டு நினைச்சீரோ?"

நான் பேப்பரைக் கசக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"இது கண்ணாடி இல்லை, தவம். பிளாஸ்ரிக்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். கோபத்தை மறைக்கிற சிரிப்பு அல்ல. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூடைக்குப் பக்கத்தில் குந்தி இருந்து சிரித்தார். "கரவனுக்கு விபூதி பூசின முதல் ஆள் நீராத்தான் இருப்பீர்" என்றார். "இனி ஒரு அர்ச்சனையும் செய்துவிடும்."

அக்ரிலிக். இந்தப் பொருளின் நீண்ட பெயரையும் கட்டமைப்பையும் எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் பாடமாக்க வைத்திருக்கிறேன். கண்ணாடியைவிட இலேசானது, உடையாது, ஆனால் மென்மையானது, எளிதில் கீறுப்படும் என்று பரீட்சைக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். கையில் தொட்டபோது அடையாளம் தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்று பின் யன்னலை மச்சாள் துடைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். படிக்க வேண்டிய பாடம், ஆகவே எழுதி வைக்கிறேன்.

முதலில் வெயிலைப் பார்த்தார். யன்னல் சுடுகிறதா என்று புறங்கையால் தொட்டார். சுட்டால் சவர்க்காரத் தண்ணீர் காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டிவிடுமாம். நிழல் வரும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு குவளையால் மேலிருந்து தண்ணீர் ஊற்றினார். துடைக்கவில்லை, ஊற்ற மட்டும்தான். ஒட்டாத மண் தானாக வழிந்து போயிற்று. அந்த மண்தான் எதிரி என்றார். அதை வைத்துக்கொண்டு தேய்த்தால் எவ்வளவு மெத்தென்ற துணியும் அரத்தாள்தான்.

அதன் பிறகு அண்ணாவின் பழைய சாரம் ஒன்றை எடுத்தார். இடுப்பில் கட்டிக் கட்டித் தோய்ந்து பூப்போல் ஆகிவிட்ட பருத்திச் சாரம். அதை நனைத்து, பிழியாமல், யன்னல்மேல் அப்படியே விரித்து ஒட்டினார். ஒட்டிவிட்டு உள்ளே போய் வெங்காயம் வெட்டத் தொடங்கினார்.

"இனி?" என்று கேட்டேன்.

"இனி ஒண்டுமில்லை. அது தன்ரை வேலையைச் செய்யும்."

அடிப்பிடித்த சோற்றுச் சட்டியை யாரும் உடனே சுரண்டுவதில்லை. தண்ணீர் விட்டு வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கிறோம். வகுப்புக்கு அழுதுகொண்டு வருகிற பிள்ளையிடமும் அப்படித்தான். வாசலிலேயே என்ன நடந்தது என்று கேட்டால் வாயை இறுக மூடிக்கொள்ளும். இரண்டாம் பாடம் முடிய, தானாகவே வந்து மேசையருகில் நிற்கும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். யன்னலுக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை.

வெங்காயம் வதங்கிய பிறகு வந்து சாரத்தைக் கீழ்நோக்கி மெல்ல உரித்தார். பாதிப் பூச்சி அதனோடேயே வந்துவிட்டது. இரண்டு வாளி வைத்திருந்தார். ஒன்றில் பாத்திரம் கழுவுகிற திரவம் சில துளி விட்ட இளஞ்சூட்டுத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து, அழுத்தாமல், வட்டமாக அல்லாமல் நேராக மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. உடனே வெறும் தண்ணீரில் அலசல். பிறகு அடுத்த இழுப்பு. விடாப்பிடியாக நின்ற இடங்களில் மறுபடியும் ஈரத்துணியை வைத்தார். ரோட்டுத் தார் ஒரு பொட்டு இருந்தது. அதற்குச் சமையல் எண்ணெய் தொட்டு, ஊறவிட்டு, எடுத்து, எண்ணெய் போகச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தார். கடையில் விற்கிற நீலநிறக் கண்ணாடித் திரவத்தைக் கிட்டவும் கொண்டுவரக் கூடாதாம். அதிலிருக்கிற அமோனியா அக்ரிலிக்கை மயிரிழையாய் வெடிக்க வைக்கும். இந்த இடத்தில் மட்டும் நான் தலையாட்டி, ஏன் என்று விளக்கினேன். மச்சாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நேற்று இந்த மூளை எங்கை போனது?" என்றார்.

கடைசியாகத் தண்ணீர் ஊற்றி, உலர்ந்த மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்தார். தேய்க்கவே இல்லை.

பின் யன்னலில் ஒரு கீறல் கிடையாது. முன் யன்னலைப் பற்றி மச்சாள் ஒரு சொல் பேசவில்லை.

நிமலன் போன் எடுத்தான். எல்லாம் நல்லம் என்றேன். யன்னலைப் பற்றிச் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

புரோக்கன் ஹில் நோக்கிப் போகிற நீண்ட ரோட். எதிரே மூன்று பெட்டி பூட்டிய லொறி ஒன்று வந்தது. அது கடந்த வேகத்தில் காற்று எங்களை முதலில் தள்ளியது, பிறகு இழுத்தது. கரவன் பின்னால் பாம்புபோல் ஆடத் தொடங்கியது. கார் முழுவதும் அதிர்ந்தது. நான் முருகனைக் கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டிருப்பேன்.

மச்சாள் பிரேக் மிதிக்கவில்லை. ஸ்ரியரிங்கை வெட்டி ஒடிக்கவும் இல்லை. காலை அக்சிலரேற்றரிலிருந்து மெல்ல எடுத்தார். இடக்கையை நீட்டி, கரவனுக்கு மட்டும் பிரேக் பிடிக்கிற சின்னப் பொத்தானை அழுத்தினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஊசியில் நூல் கோர்க்கிறபோது இருக்கிற முகம். ஆட்டம் சிறுத்துச் சிறுத்து நின்றது.

ஓரமாக நிறுத்தினார்.

"பயந்திட்டீரோ?"

"இல்லை" என்றேன்.

"நான் பயந்திட்டன்" என்றார். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு வடையை எடுத்துப் பாதி எனக்குத் தந்து, மீதியைத் தான் சாப்பிட்டார்.

பயந்தவருடைய கை நடுங்கவில்லை. பயப்படவில்லை என்று சொன்னவளுடைய வடை மடியில் உதிர்ந்தது.

மார்ச் 17, திங்கள்

செம்மண். யன்னல், படி, பல்லுத்தீட்டுகிற பிறஷ் எல்லாம் செம்மண்.

மச்சாள் பேர்த்திலிருக்கும் தங்கையோடு நெடுநேரம் பேசினார். எந்த ஊரில் எத்தனை நாள் நிற்பது, எங்கே தண்ணீர் நிரப்புவது, எந்தக் கடற்கரையில் திமிங்கிலம் தெரியும் என்றெல்லாம். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று கேட்கவில்லை, கரவன் சின்னது. அந்தப் பேச்சில் என் பெயர் வரவில்லை. வரவேண்டிய காரணமும் இல்லை.

இன்று காலை புறப்பட்டபோது மச்சாள் வாசல் படியை உள்ளே மடிக்க மறந்துவிட்டார். ரோட்டுக்கு ஏறுமுன் யாரோ கை காட்டியதால் நிறுத்தினோம். குறித்து வைக்கிறேன். நிமலன் கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா. வேறொன்றுக்கும் இல்லை.

மார்ச் 19, புதன்

நிமலனிடமிருந்து தகவல்: வாங்க விரும்புகிறவர் படம் கேட்கிறாராம். "உள்ளும் வெளியும் எடுத்து அனுப்புங்கோ மாமி. அம்மாட்டைச் சொல்லத் தேவையில்லை, வீணாக் கவலைப்படுவா."

காலையில் எடுத்து அனுப்பினேன். வெயில் கிழக்கேயிருந்து முன் யன்னல்மேல் சரிவாக விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் அப்படி அமைந்துவிட்டது.

பின்னேரம் போன் வந்தபோது என் கை மாவாக இருந்தது. மச்சாள்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தாயும் கேட்கிறார் என்பது தெரியாமல் நிமலன் தொடங்கிவிட்டான்.

"மாமி, முன் யன்னலைப் பாத்தனீங்களே? அம்மா என்னத்தாலை உரஞ்சினவ? இதைத்தான் மாமி நான் சொன்னனான். அவவுக்கு இப்ப பொறுமையும் இல்லை, நிதானமும் இல்லை. ஒரு யன்னலையே ஒழுங்காத் துடைக்கத் தெரியாத ஆள் எப்பிடிப் பேர்த் வழியிலை அந்த மரமில்லாத வெளியைத் தாண்டுவா?"

நான் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மச்சாள் என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் என்று சொல்லமாட்டேன். சின்னப் பார்வைதான்.

"நான்தான்ரா கதைக்கிறன்" என்றார். "ஓம், கீறுப்பட்டுப் போச்சு. வந்து பாப்பம். சாப்பிட்டியோ?"

போனை வைத்த பிறகு நான் கேட்டேன்: "ஏன் மச்சாள் சொல்லேல்லை?"

"என்னத்தை?"

"நான்தான் எண்டு."

"என்ரை பொறுப்பிலை நிக்கிற வண்டி. ஆரு கீறினாலும் நான் கீறினதுதான்." ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "உம்மடை வகுப்பு சத்தம் போட்டால் பள்ளிக்கூட அதிபர் ஆரைக் கூப்பிட்டுக் கேப்பார்? பிள்ளையளையோ?"

பிறகு ரொட்டியைப் பார்த்தபடியே சொன்னார்: "படம் எடுக்க நல்ல வெளிச்சம் பாத்துத்தான் எடுத்திருக்கிறீர்."

நான் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். ரொட்டி நன்றாக வந்திருந்தது.

மார்ச் 20, வியாழன்

எழுத மனமில்லை.

மார்ச் 21, வெள்ளி

திரும்பி வருகிற வழியில் ஒரு ஊரில் அக்ரிலிக்குக்கென்றே செய்த மெருகுப் பசை கிடைத்தது. யன்னலை முறைப்படி கழுவி, கரவன் நிழலுக்குள் வந்ததும், ஒரு பட்டாணி அளவு பசையைத் துணியில் எடுத்து, இருவருமாக ஆளுக்கொரு பக்கம் இருந்து மெல்ல மெருகிட்டோம். நான் இந்தத் தடவை துணிக்கு ஒரு விரலின் பாரம்தான் கொடுத்தேன். மேலோட்டமான இழைகள் மறைந்தன. ஆழமாக விழுந்தவை நின்றுவிட்டன.

வேலை நடுவில் கேட்டேன்.

"நான் ஏலாதெண்டு சொன்னால் என்ன செய்வியள்?"

"விட்டிடுவன்."

"கோவமில்லாமலோ?"

"ஏன் கோவமில்லாமல்? நல்ல கோவத்தோடைதான். ஒரு மாதம் உமக்குத் தோசை சுடமாட்டன்." துணியை மடித்து மறுபக்கம் பிடித்தார். "ஆனால் விட்டிடுவன். தீர்ப்பை உம்மட்டைத்தானே விட்டனான்."

"ஏன் என்னட்டை?"

"நீர் எல்லாத்துக்கும் பயப்பிடுற ஆள். நீரே ஏலும் எண்டால் நிமலன் பிறகு வாய் திறக்கமாட்டான்."

துணியில் இன்னும் கொஞ்சம் பசை எடுத்தேன். நான் இன்னொன்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"என்னை ஏன் கூப்பிடேல்லை? பேர்த்துக்கு."

யன்னலின் பழைய மங்கல் போக உட்புறம் மச்சாள், கீறல் போக வெளிப்புறம் நான். திறந்திருந்த இடைவெளியால் குரல் மட்டும் வந்தது.

"கூப்பிட்டால் நீர் ஓமெண்டுவீர். பயந்து பயந்து எனக்காக வருவீர். லொறியைக் கண்டால் முருகனைக் கூப்பிடுவீர். அது உமக்கும் கஷ்டம், முருகனுக்கும் கஷ்டம்."

நான் சிரித்துவிட்டேன். மூக்கையும் துடைக்க வேண்டியிருந்தது. அதற்கு வேறு துணி எடுத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

மெல்பேண் வந்து சேர்ந்தோம்.

நிமலன் தன் வீட்டு முற்றத்தில் காத்திருந்தான். மச்சாள் கரவனைப் பின்னுக்கு எடுத்து மதிலோடு சேர்த்து விட்டதை அவன் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நேரே முன் யன்னலுக்குப் போனான். தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தான்.

"மினுக்கி இருக்கிறியள். ஆனால் தெரியுதம்மா."

"தெரியும்தான்" என்றார் மச்சாள்.

"நான் உங்களைக் குறை சொல்லேல்லை. வயசு போகப் போக எல்லாருக்கும் இப்பிடித்தான். அப்பா இருந்திருந்தால் வேறை. மாமி, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் என்ன சொன்னாலும் சரி."

வழியில் நல்ல வசனங்கள் சில யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இது மட்டும்தான்.

"அந்த யன்னலைக் கீறினது நான்."

"மாமி, அம்மாவைக் காப்பாத்த..."

"விபூதியாலை கீறினனான். பேப்பரும் விபூதியும். உன்ரை அம்மா தொட வேண்டாம் எண்டு சொல்லியும் கேக்காமல் செய்தனான். போனிலை நீ கேக்கேக்கை பக்கத்திலை நிண்டனான். அப்பவும் சொல்லேல்லை. அவ தன்ரை தலையிலை போட்டவ."

நிமலன் தாயைப் பார்த்தான். "விபூதியோ?" என்றான். அவனுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டான்.

"கேள்" என்றேன். "நீ கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லுறன். ஒரு உதாரணம் சொல்லுறன்." லொறி கடந்ததையும், கரவன் ஆடியதையும், மிதிக்காத பிரேக்கையும், மெல்ல எடுத்த காலையும், அழுத்திய பொத்தானையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். மச்சாள் அவனிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. அவன் முகம் முதலில் வெளிறி, பிறகு மெல்ல மாறியது. "இந்த நாட்டிலை இருக்கிற ஆம்பிளையள் எத்தினை பேர் அந்த நேரத்திலை பிரேக்கை மிதிச்சுக் கவிண்டிருப்பினம் எண்டு நினைக்கிறாய்? படி ஒருநாள் மடிக்க மறந்தவ. அதையும் சொல்லுறன், ஒளிக்கேல்லை. அடுத்த நாள் தொடக்கம் கார்ச் சாவியைப் படியிலை வைச்சு, படியை மடிச்சால்தான் சாவி கைக்கு வரும் எண்டு பழகினவ. ஏலும், நிமலன். அவவுக்கு ஏலும்."

அவன் கரவனின் ரயரைக் காலால் தட்டினான்.

"அப்ப வாங்கக் கேட்ட ஆளுக்கு இல்லையெண்டு சொல்லுறன்" என்றான் கடைசியில். "இந்த ரயர் ரெண்டையும் மாத்தவேணும். இதோடை விடமாட்டன்."

"மாத்து" என்றார் மச்சாள். "சாப்பிட்டியோ?"

மே 3, சனி

மச்சாள் இன்று காலை புறப்பட்டார். புது ரயர்கள். முன்னிருக்கையில் ஒரு டப்பா வடை. நிமலன் மூலை திரும்பும்வரை கையைக் காட்டிக்கொண்டு நின்றான், தகப்பனைப்போலவே இடுப்பில் ஒரு கை வைத்து.

வீட்டில் இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

மே 14, புதன்

தோசை மாவு அளவு இன்னும் பிடிபடவில்லை. ஒரு ஆளுக்கு அரைப்பது கஷ்டம்.

மே 22, வியாழன்

மரமில்லாத வெளியைத் தாண்டிவிட்டாராம். போனில் காற்றுச் சத்தம்.

"தவம், முன் யன்னல் எல்லாம் பூச்சி. உம்மடை விபூதியை அனுப்பும்."

"சாரத்தை நனைச்சுப் போட்டிட்டுப் போய் வெங்காயம் வெட்டுங்கோ."

"போட்டிட்டன். அது ஊறும் வரைக்கும்தான் உம்மோடை கதைக்கிறன்."

அது ஊறும்வரை பேசினோம். அவ்வளவு நேரம் நாங்கள் போனில் பேசியது இதுதான் முதல் தடவை. எதிரே கடல் தெரிகிறது என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வந்து பாரும் என்றார். இந்தத் தடவை கூப்பிட்டுவிட்டார்.

மே 24, சனி

நிமலன் கொம்பியூற்றரில் இருந்து ரிக்கற் போட்டுத் தந்தான். ஓகஸ்ட்டில் பேர்த்துக்கு விமானம், ஒருவழி மட்டும். திரும்பி வருவது கரவனில், மச்சாளோடு. "மாமி, உங்களாலை ஏலுமோ?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, தான் என்ன கேட்டோம் என்று விளங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தெரியாது என்றேன். போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதுவரை வாசித்த உங்களுக்கு ஒரு வீட்டுவேலை தருகிறேன், பழக்கதோஷம். உங்கள் வண்டியிலோ வீட்டிலோ பிடிவாதமாக அழுக்கு ஒட்டிய யன்னல் ஒன்று இருக்கும். இன்றைக்கு நிழல் வந்ததும் அதன்மேல் தண்ணீர் ஊற்றி, நனைந்த பருத்தித் துணி ஒன்றை விரித்து ஒட்டிவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்து முடியும்வரை அதைத் தொடாமல் இருங்கள்.